காசு தரமாட்டன் மச்சான், சாப்பிட வா

"அவனை விட்டுத்தள்ளு" என்று, குடியிலும் போதையிலும் விழுந்த சிநேகிதனைப் பற்றி எனக்குப் புத்தி சொல்கிறவர்கள் அநேகமாகக் கொழும்பிலோ கனடாவிலோ இருக்கிறார்கள். அங்கே ஒருவரை விட்டுத்தள்ளலாம், நம்பரை புளொக் பண்ணினால் முடிந்தது கதை. திருகோணமலையில் அப்படி நடக்குமா? காலையில் பாண் வாங்கப் போனால் கடை வாசலில் நிற்கிறான். பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டச் பே கடற்கரைக்குப் போனால் அங்கே மணலில் இருக்கிறான். பத்திரகாளி அம்மன் கோயிலில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று அவன் அம்மா அழுகிறார். கலியாண வீடு, செத்த வீடு என்று எல்லா இடத்திலும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட வேண்டியவர்கள் நாங்கள்.

விட்டுத்தள்ள முடியாத இடத்தில், பக்கத்திலேயே இருந்துகொண்டு, எதற்கு ஓம் எதற்கு இல்லை என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பல வருடமாக யோசித்து, வாசித்து, வீட்டில் கதைத்து, எனக்கென்று சில முடிவுகளுக்கு வந்திருக்கிறேன். இதே நிலைமையில் இருக்கிற எத்தனையோ பேர் ஊரில் வாய் திறக்காமல் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் சிநேகிதர்கள் இரண்டு பேர். மூவரும் ஏ.எல். வரை ஒரே வகுப்பு. ஒருவன் திருக்கடலூர்ப் பக்கம், கடற்றொழில் குடும்பம். சாராயம், அது கிடைக்காத நாளில் கசிப்பு. மற்றவன் ஓட்டோ ஓடுகிறவன். கஞ்சாவில் தொடங்கி, தூள் என்கிற ஹெரோயினுக்குப் போய், இப்போது ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமைனில் நிற்கிறான். பெயர் எழுதமாட்டேன். கடற்காரன், ஓட்டோக்காரன் என்றே சொல்கிறேன், அந்தத் தொழில் செய்கிறவர்கள் ஊரில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

இரண்டு பேரும் நல்லவர்கள். கடற்காரன் 2004 டிசம்பரில் தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவன். அதற்கு முதலும் குடித்தான், எல்லோரையும் போல. அதற்குப் பிறகு குடித்த குடி வேறு. அவன் வேதனை பொய் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் வேதனை உண்மை என்பதற்காக என் லாச்சிக்குள் இருக்கிற காசு அவனுக்கு மருந்தாகிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருப்பதுதான் இதில் ஆகக் கஷ்டம். பாவம் பார்க்கிறவர்கள் கொடுத்துவிடுகிறார்கள், கொடுக்காமல் விடப் பழகியவர்கள் காலப்போக்கில் பாவம் பார்ப்பதையும் விட்டுவிடுகிறார்கள்.

நான் சின்னதாக ஒரு ஹாட்வெயார் கடை நடத்துகிறேன். கடற்காரன் வந்தால் உடனே கேட்கமாட்டான். ஆணி வாங்க வந்தவர், பெயின்ட் வாங்க வந்தவர் எல்லோரும் போகும்வரை வாசலில் நிற்பான், நைலோன் கயிற்றுச் சுருளைத் தடவிக்கொண்டு, விலை தெரிந்தும் விலை கேட்டுக்கொண்டு. கண் மட்டும் லாச்சியில் இருக்கும். கடைசி ஆள் போனதும், "மச்சான், ஒரு ரெண்டாயிரம் இருந்தாத் தா, நாளைக்கு மீன் வித்துப்போட்டுத் தாறன்" என்பான். சில நாள் பிள்ளையின் மருந்துக்கு, சில நாள் என்ஜின் எண்ணெய்க்கு. சீசனில் காசு புழங்கும்போது கேட்பது குறைவு, குடிப்பது கூட. வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்தால் தொழில் படுத்துவிடும், அப்போது கடைக்கு வருவதும் கூடிவிடும்.

நான் அவனோடு கதைத்தது ஒரு விடியற்காலை, அவன் கடலால் வந்து வாடியில் இருந்து வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்த நேரம். வெறியில் இருக்கிறவனிடம் கதைப்பதில் பிரயோசனமில்லை, அவனுக்கு அது நினைவிலும் நிற்காது, எங்களுக்குத்தான் வாய் நோகும். பக்கத்தில் இருந்த பொடியன் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தான். கடற்காரனால் கிளாசை ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. இரவு முழுக்கக் கடலில் நின்றதால் குடிக்கவில்லை, அதனால் கை நடுங்கியது. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, குனிந்து, வாயைக் கிளாசுக்குக் கொண்டுபோய்க் குடித்தான். அப்படியும் பாதி மணலில் சிந்தியது. குடித்து முடியும்வரை காத்திருந்து சொன்னேன்.

"மச்சான், இனி உனக்குக் காசு தரமாட்டன். ரெண்டாயிரமும் இல்லை, இருநூறும் இல்லை. வெறியில கடைக்கு வந்தியெண்டா நான் கதைக்கமாட்டன். ஆனா எந்த நாளெண்டாலும் வீட்ட சாப்பிட வா. ஆஸ்பத்திரிக்குப் போகோணும் எண்டு நினைச்சா சொல்லு, கடையைப் பூட்டிப்போட்டு உன்னோட வாறன்."

அவ்வளவுதான். ஏன் குடிக்கிறாய், பிள்ளைகளை யோசித்தாயா, அம்மாவைப் பார், ஒன்றும் இல்லை. குடியை விடு என்றுகூடச் சொல்லவில்லை. அதையெல்லாம் ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள், அவனுக்கே தெரியும், குடிக்காத நேரத்தில் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் அதைத்தான். குடிப்பதும் விடுவதும் அவன் பாடு. என் காசு, என் கடை, என் வீடு, என் நேரம், இவை என் பாடு. இவற்றை வைத்து நான் என்ன செய்வேன், என்ன செய்யமாட்டேன் என்று சொல்லத்தான் எனக்கு உரிமை. "நீ குடித்தால் நான் உன்னோடு கதைக்கமாட்டேன்" என்பதற்கும் "வெறியோடு வந்தால் அந்த நேரம் நான் கதைக்கமாட்டேன்" என்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாவது மிரட்டல், அதை என்னால் காப்பாற்ற முடியாது. இரண்டாவது என் கையில் இருக்கிறது, எழும்பி உள்ளே போனால் முடிந்தது.

அவன் என்ன சொன்னான் என்று கேட்டால், ஒன்றும் சொல்லவில்லை. மீன் கழற்றினான். பிறகு வெறியில் வந்து ஒழுங்கையில் நின்று, "நீ பெரிய முதலாளி ஆயிட்டாய்" என்று தொடங்கி என் அப்பாவரை இழுத்துக் கத்தினான். ஊர் பார்த்தது. நான் உள்ளே போய்விட்டேன். அவன் கொஞ்சக் காலம் எங்கள் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம் வந்தான், குளித்து, சேர்ட் மாற்றி, தலை இழுத்து. சோறும் சூடைமீன் குழம்பும் சாப்பிட்டான். காசு கேட்கவில்லை. நானும் குடியைப் பற்றிக் கேட்கவில்லை. கிரிக்கெட் கதைத்தோம். இப்போதும் இப்படித்தான் போகிறது: வராத வாரங்கள் உண்டு, வந்து சாப்பிடுகிற வாரங்களும் உண்டு.

இதில் எனக்கு ஆகப் பெரிய நெருக்கடி அவனால் வரவில்லை, சுற்றியிருக்கிறவர்களால் வந்தது. என் அம்மாவே கேட்டார், "ஐந்நூறு ரூபா குடுத்தா நீ குறைஞ்சா போவாய், சின்ன வயசில உன்ர தட்டில சாப்பிட்ட பிள்ளை." அம்மாவுக்கு விளங்கப்படுத்தச் சரியான கஷ்டப்பட்டேன். கடைசியில் ஒரு பரிசோதனையைப் பற்றிச் சொன்னேன். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்துச் செய்தவை அவை. நெம்பை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் தீனி கிடைக்கிற எலி, தீனி நின்றவுடன் கொஞ்ச நேரத்தில் அழுத்துவதை விட்டுவிடும். எப்போதாவது ஒருமுறை, எந்த முறை என்று தெரியாமல் தீனி கிடைக்கிற எலியோ, தீனி நின்ற பிறகும் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். பத்து முறை இல்லை என்று சொல்லிப் பதினோராவது முறை கொடுத்தால் சிநேகிதனுக்கு நாங்கள் இரக்கம் காட்டவில்லை, பதினொரு முறை கேட்டால் கிடைக்கும் என்று பழக்கிவிடுகிறோம். எங்கள் வாசலில் அவன் நின்று கெஞ்ச வேண்டிய நேரத்தைக் கூட்டுகிறோம். அம்மா முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் காசு கொடுப்பதை நிறுத்தினார். பதிலுக்கு அவன் வரும் நாளில் பொரியல் ஒன்று கூடச் செய்கிறார்.

பிள்ளையின் மருந்து என்று கேட்டால்? அது உண்மையாகவும் இருக்கும், எல்லா நேரமும் பொய் இல்லை. துண்டைக் கொண்டுவரச் சொல்லி நானே பார்மசிக்குப் போய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கொப்பி, புத்தகம் என்றால் மனைவி கையில் பொருளாகவே போகும். ஆனால் கரண்ட் பில், தண்ணி பில் என்று ஒவ்வொரு மாதமும் வீட்டுச் செலவை நான் எடுக்கத் தொடங்கினால் அவன் உழைப்பு முழுக்க பாருக்குப் போக வழி விட்டுக்கொடுக்கிறேன், அதனால் அதற்கு இல்லை. பிள்ளைகளுக்கு ஓம், வீட்டு பில்லுக்கு இல்லை. இது சரியான கணக்கு என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளவேண்டும் என்றில்லை, உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஒரு கணக்கு இருக்கவேண்டும், அதை அவன் வாசலில் வந்து நிற்கும்போது யோசிக்காமல் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கவேண்டும்.

இன்னொரு விசயம் பிணை. ஓட்டோக்காரன் லீசிங்கில் புது ஓட்டோ எடுக்கப் பிணைக்கு ஆள் வேண்டும் என்று வந்தான். பிணைக் கையெழுத்து என்பது காசு கொடுப்பதைவிட மோசம். அவன் தவணை கட்டாவிட்டால் கொம்பனிக்காரர் என் வாசலுக்கு வருவார்கள், என் பெயரும் கடன் பதிவில் கெடும், பிறகு கடைக்கு ஒரு கடன் எடுக்க நான் வங்கிக்குப் போக முடியாது. நகை அடைவு வைத்துத் தாருங்கள் என்று சிநேகிதன் மனைவியிடம் கேட்டு வாங்கிய கதைகளும் ஊரில் இருக்கின்றன. சீட்டில் சேர்ப்பதும் அப்படித்தான், முதலாவதாக எடுத்துக்கொண்டு போனால் மிச்சப் பேருக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். கையெழுத்துக்கு நான் ஒருவருக்கும் இல்லை என்று வைத்திருக்கிறேன், குடிக்காத சிநேகிதருக்கும் சேர்த்து, அப்போது அவனுக்கு மட்டும் சொன்னதாக இராது.

ஐஸ், தூள் விசயத்தில் ஒரு கோடு இன்னும் தடிப்பாக இருக்கவேண்டும். "மச்சான், இந்தப் பையை ரெண்டு நாளைக்கு உன்ர கடையில வைச்சிரு" என்று ஒருநாள் வரும். அல்லது "பைக்கை ஒருக்காத் தா, சீனக்குடா வரைக்கும் போட்டு வாறன்" என்று வரும். இரண்டுக்கும் ஒரே பதில்தான், காரணம் கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். 2022இல் சட்டத்தைத் திருத்தி, 5 கிராமுக்கு மேல் ஐஸ் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு தேக்கரண்டி சீனி அளவுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் அது. பைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று பொலிசுக்குச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் படுக்கிற வீட்டுக்குள் அப்படி ஒரு பை வரக்கூடாது. சிநேகிதம் எவ்வளவு பழையது என்பது இதில் ஒரு கணக்கே இல்லை.

சரி, இப்படி இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவன் திருந்துவானா? அதற்காக இதைச் செய்யவில்லை என்பதுதான் முதல் பதில். ஆனால் இதைப் பற்றி ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன, வாசித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அமெரிக்காவில் ரொபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும், சிகிச்சைக்கு வரமாட்டேன் என்று நிற்கும் குடிகாரரின் குடும்பத்தாரைப் பயிற்றுவிக்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள். 1999இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். எல்லோரும் சேர்ந்து ஆளை இருத்திவைத்து முகத்துக்கு நேரே கதைக்கும் வழியில் 30 சதவீதமானவர்கள் சிகிச்சைக்குப் போனார்கள். குடிப்பவர்களின் குடும்பத்தார் கூடும் அல்-அனான் வழியில் 13 சதவீதம். மேயர்ஸ் முறையில் 64 சதவீதம்.

ஒன்று சொல்லவேண்டும், அல்-அனானுக்கு இந்த ஒப்பீடு முழு நியாயமில்லை. 1951இல் தொடங்கிய அந்த அமைப்பு குடிப்பவரைச் சிகிச்சைக்கு இழுத்துக்கொண்டு வருவதற்காக உருவானதில்லை, கூட இருக்கிறவர்கள் தங்கள் வாழ்க்கையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக உருவானது. இந்தக் குடிக்கு நான் காரணமில்லை, இதை என்னால் அடக்கமுடியாது, இதை என்னால் குணமாக்கவும் முடியாது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு எத்தனையோ தாய்மார் மூச்சு விட்டிருப்பார்கள்.

மேயர்ஸ் முறையில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பார்த்தால், நம் வீட்டுப் பெரியவர்களில் கெட்டிக்காரிகள் சிலர் படிக்காமலே செய்துவந்ததுதான். ஆள் தெளிவாக இருக்கிற நேரத்தை நல்ல நேரமாக்கு: சாப்பாடு, சிரிப்பு, கதை. வெறியில் இருக்கிற நேரம் சண்டை பிடிக்காதே, ஒதுங்கிவிடு. குடியால் வருகிற விளைவை நீ தூக்கிச் சுமக்காதே, வேலைக்கு லீவு சொல்வதும் கடனை அடைப்பதும் அவன் செய்யட்டும். உன் உடம்பையும் வாழ்க்கையையும் பார். அப்புறம், அவன் ஒருநாள் "இனி ஏலாது" என்று சொல்லுவான், அந்தச் சொல் வந்தவுடன் கூட்டிக்கொண்டு போக இடத்தை முன்பே பார்த்து வை. அந்த வாசல் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும், நாளைக்குப் பார்ப்போம் என்றால் பூட்டிவிடும். அந்த ஆராய்ச்சி குடும்பத்தாரை வைத்துச் செய்தது, சிநேகிதரை வைத்து இல்லை. ஆனால் எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாகவும் பிள்ளைக்கு மாமாவாகவும் நிற்கிற சிநேகிதன் குடும்பத்துக்கு வெளியே இருக்கிறவன் இல்லைதானே.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள். நாள் முழுக்கக் குடிக்கிற ஒருவரிடம் "இண்டையோட நிப்பாட்டு, இல்லாட்டி உறவு இல்லை" என்று கோடு கீறவே கூடாது. அப்படிப்பட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் 6 மணித்தியாலத்தில் இருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, உடம்பு வியர்த்து, புத்தி குழம்பலாம், உயிரே போகலாம். பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கொண்டு ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயிலுக்குப் பிறகு போகலாம், முதலில் ஆஸ்பத்திரி. வார்ட்டில் வைத்து மருந்து கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். தூளில் ஆபத்து வேறு மாதிரி. கொஞ்சக் காலம் மறியலிலோ புனர்வாழ்விலோ இருந்துவிட்டு வருகிறவனின் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும், வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ஆள் திரும்பி வந்த முதல் வாரங்களில் தனியே விடாமல் இருப்பதுதான் நல்லது, அந்த நாட்களில் நான் ஓட்டோக்காரனோடு எத்தனை தரமென்றாலும் தேத்தண்ணி குடிக்கப் போவேன்.

ஓட்டோக்காரன் ஒருமுறை சிகிச்சைக்குப் போய் வந்தவன்தான். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் சிகிச்சை நிலையங்களில் எங்களுக்குக் கண்டிதான் கிட்ட, அதுவும் பஸ்ஸில் அரை நாள். சிங்களம் தட்டித்தடுமாறிக் கதைக்கிறவன், மனதில் இருக்கிறதை இன்னொரு மொழியில் சொல்லித் தெளிவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். வந்து நன்றாக இருந்தான், பிறகு சறுக்கினான். சறுக்கியவுடன் "பார்த்தாயா, நான் அப்பவே சொன்னன்" என்று சொல்ல ஊரில் வரிசையாக ஆள் நின்றது. நான் அவனிடம் சொன்னது பழையதைத்தான்: காசு இல்லை, பிணை இல்லை, பை இல்லை, திரும்பிப் போவதென்றால் கூட வாறன். கோடு அவன் நல்லாக இருந்தபோதும் அங்கேதான் இருந்தது, சறுக்கியபோதும் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கோபத்தில் கிட்டக் கொண்டுவந்து, இரக்கத்தில் தூரத் தள்ளிவைத்தால் அவனுக்கும் விளங்காது, எங்களுக்கும் நிம்மதி இராது.

மனைவிமாரைப் பற்றியும் எழுதவேண்டும். "அண்ணா, நீங்க சொன்னாக் கேப்பார்" என்று கடற்காரன் மனைவி வருவார். அவர் கேட்டால் என்னால் முகத்தைத் திருப்ப முடியாது. ஆனால் அவன் சட்டைப் பையைப் பார், போத்தல் எங்கே ஒளித்திருக்கிறான் என்று பார், போயாவுக்கு முதல் நாள் எத்தனை வாங்கி வைத்தான் என்று விசாரி, இப்படியெல்லாம் அவனுக்குக் காவல்காரனாக நிற்க நான் ஒத்துக்கொள்ளவில்லை. போயா அன்று பார் பூட்டியிருக்கும், அதனால் முதல் நாளே வாங்கி ஒளித்துவைப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விசயம். தேடிக் கண்டுபிடித்து ஊற்றினால் அவன் இன்னும் நன்றாக ஒளிக்கப் பழகுவான். நான் அந்தத் தங்கச்சியிடம் சொன்னது வேறு. இரவில் அவன் நினைவில்லாமல் விழுந்து கிடந்தால், சத்தியெடுத்து மூச்சுக்குழாய் அடைக்காமல் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவை, 1990க்கு அடி, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், எனக்கு அடித்து நேரத்தை வீணாக்காதே. இரவு பத்து மணிக்குப் பிறகு நான் அவன் போனை எடுப்பதில்லை என்பதும் அவருக்குத் தெரியும், காலையில் கடை திறக்கிறவனுக்கு நித்திரை வேண்டும்.

கை நீட்டினால் கதை வேறு. அங்கே சிநேகிதம், இரகசியம், மானம் ஒன்றும் இல்லை. அவரும் பிள்ளைகளும் எந்த நேரமும் எங்கள் வீட்டுக்கு வரலாம், என் மனைவி கதவைத் திறப்பார், தேவையென்றால் பொலிசுக்கும் கூடப் போவோம். இதை நான் கடற்காரனுக்கும் அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929.

கூட்டாளிமாரும் இதில் ஒரு பங்கு. எங்கள் ஏ.எல். பட்ச் நிலாவெளியில் கூடுவதென்றால் முதல் கேள்வியே யார் போத்தல் கொண்டுவருவது என்பதுதான். கடற்காரனைக் கூப்பிட்டால் போத்தல் வேண்டாம், போத்தல் வேண்டுமென்றால் நான் வரமாட்டேன் என்று குறூப்பில் எழுதினேன். பெரிய சத்தம். "ஒண்டு ரெண்டு அடிச்சா என்னடா, அவனை நாங்க பாத்துக்கொள்ளுறம்" என்றார்கள். ஒண்டு ரெண்டோடு நிறுத்த முடிகிறவனாக இருந்தால் இந்தக் கதையே இல்லையே. சிலர் வரவில்லை. வந்தவர்கள் கரையில் மீன் சுட்டுச் சாப்பிட்டு, கடலில் குளித்து, இருட்டும்வரை பழைய வாத்திமாரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். கடற்காரன்தான் மீன் தெரிவுசெய்து சுட்டவன், ஒருவரையும் நெருப்புக்குக் கிட்ட விடவில்லை. வராதவர்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. சாராயம் இல்லாமல் மூன்று மணித்தியாலம் சிநேகிதனோடு இருக்க முடியாதென்றால் யாருக்குச் சிகிச்சை வேண்டும் என்று யோசிக்கவேண்டியது அவர்கள்.

இதையெல்லாம் செய்யும்போது மனம் களைத்துப்போகும். இல்லை என்று சொன்ன இரவுகளில் நித்திரை வராது, அவன் எங்கே விழுந்து கிடக்கிறானோ என்று இருக்கும். அந்தக் களைப்பைத் தனியே சுமக்கவேண்டாம். அபாயகர ஒளடதங்கள் சபையின் இலக்கம் 1927, எடுக்கிறவர் பாவிக்கிறவராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, கூட இருக்கிறவரும் எடுத்து ஆலோசனை கேட்கலாம். மனம் மிகவும் சோர்ந்துபோனால் 1926, அது தேசிய மனநல நிறுவனத்தினுடையது, 24 மணித்தியாலமும் உண்டு. அரச ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் காசில்லை. அங்கே போனால் ஊர் பார்க்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், எங்கள் ஆட்கள் குடிக்கிறதையும் ஒழுங்கையில் விழுகிறதையும் ஊர் ஏற்கெனவே பார்த்துவிட்டது.

தொலைபேசியில் கதைப்பது ஒரு அளவுக்குத்தான். எதிரே இருந்து, எங்கள் மொழியில், எங்கள் ஊர்க் கதையைத் தெரிந்த ஒருவரோடு கதைக்கவேண்டும். நானும், இதே நிலைமையில் இருக்கிற ஒரு அக்காவும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூடலாம் என்று பேசியிருக்கிறோம். குடிக்கிறவர்களுக்கு இல்லை, அவர்களுடைய தாய், மனைவி, அண்ணன், தங்கச்சி, சிநேகிதர்களுக்கு. புத்திமதி இருக்காது, பெயர் கேட்கமாட்டோம், எந்தச் சமயத்தவரும் வரலாம், கேட்ட கதை வெளியே போகாது. கோயில் மண்டபமோ சேர்ச் ஹோலோ வேண்டாம், எல்லோரும் தயங்காமல் படியேறக்கூடிய ஒரு பொது இடமாக இருக்கவேண்டும், ஓர்ஸ் ஹில் பக்கமோ டவுனுக்குள்ளேயோ, பதினைந்து கதிரை போடுகிற அளவு போதும். அப்படி ஒரு அறை உங்களிடமோ தெரிந்தவரிடமோ இருந்தால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். கதிரையும் தேத்தண்ணியும் என் பொறுப்பு.